வழியில் ஓர் ஊர்: அவிநாசி



கோவை நகரில் வாழும் நம் குடும்பங்கள் நாள்தோறும் உச்சரிக்கும் ஊர்ப்பெயர் ஒன்று உண்டு. மருத்துவமனையா, கல்லூரியா, விமான நிலையமா, எதற்குப் புறப்பட்டாலும் 'அவிநாசி ரோட்டில் போய்...' என்றே வழி சொல்லுகிறோம். அச்சாலைக்குப் பெயர் தந்த ஊரில் இறங்கி அரை மணி நேரமேனும் நடந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? 2025 அக்டோபரில் அச்சாலையின்மேல் பத்துக் கிலோமீட்டர் நீளத்தில் மேம்பாலம் ஒன்று திறக்கப்பட்டு, அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டது. கோவையைக் கடப்பது எளிதாயிற்று. அவிநாசியைக் கடப்பதோ அதற்கு முன்னரே எளிதாகிவிட்டது. புறவழிச்சாலை, பயணிகளை ஊருக்குள் விடாமலே சேலம் நோக்கி அனுப்பிவிடுகிறது. இத்திங்கள் நாம் அச்சாலையை விட்டு விலகி ஊருக்குள் செல்வோம்.

கோவையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர், திருப்பூரிலிருந்து 14. கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2009 இல் திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது அதனுடன் இணைந்தது. வட்டத் தலைநகராதலால் தாசில்தார் அலுவலகமும் அரசு மருத்துவமனையும் உண்டு. வடக்கே சேவூர், மேற்கே அன்னூர், தெற்கே மங்கலம் எனப் பல திசைகளிலிருந்தும் வரும் கிராமத்து மக்கள் மனுவோடும் மருந்துச் சீட்டோடும் இங்கே இறங்குகிறார்கள். அவர்களுக்கு அவிநாசி வழியில் உள்ள ஊர் அன்று. வந்து சேரும் ஊர்.

'அவிநாசி' என்றால் அழிவற்றது என்பது பொருள். இவ்வூரின் பழம்பெயர் திருப்புக்கொளியூர். கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஏழு சிவத்தலங்களுள் இதுவும் ஒன்று. 'காசிக்கு வாசி அவிநாசி' என்னும் பழமொழி இப்பகுதியில் சிறுவர்களுக்கும் தெரியும். சித்திரைத் தேரோட்டத்தின்போது சுற்று வட்டாரமே இங்கே திரண்டுவிடும். ஆலயத்து இறைவன் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுவதும் கொங்கு வழக்கம். சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தவரும் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவர உழைத்தவருமான தி.சு. அவிநாசிலிங்கம் அவர்களின் பெயர் அவ்வகையில் வந்ததே.

இவ்வூரைப் பற்றிச் சைவ மக்கள் போற்றும் வரலாறு ஒன்று உண்டு. சுந்தரர் இவ்வழியே வந்தபோது, ஒரே தெருவில் எதிரெதிராக இருந்த இரு வீடுகளைக் கண்டாராம். ஒரு வீட்டில் மகனுக்குப் பூணூல் விழா, மங்கல ஒலி. எதிர்வீட்டில் அழுகுரல். அவ்வீட்டுப் பிள்ளையும் விழா நடக்கும் வீட்டுப் பிள்ளையும் ஒரே வயதினர். சேர்ந்து குளிக்கச் சென்றவர்கள். அவனை முதலை விழுங்கி ஆண்டுகள் சில கடந்திருந்தன. சுந்தரர் குளக்கரையில் நின்று பாட, முதலை அப்பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது என்றும், கடந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு அவன் வந்தான் என்றும் கூறுவர். எதிர்வீட்டு மேளச் சத்தம் கேட்கும்போது மகனை இழந்த தாயின் நெஞ்சம் என்ன பாடுபடும் என்பதை அறியாத தெரு நம் பங்குகளில் ஏது? தாமரைக்குளம் என்னும் பெயரில் அந்தக் குளம் இன்றும் அடையாளம் காட்டப்படுகிறது.

அக்கதையில் மற்றொன்றும் நம் கருத்தை ஈர்க்கிறது. முதலை வாழ வேண்டுமானால் நீர் நிறைந்த குளம் வேண்டும். அத்தகைய குளம் அவிநாசியில் இருந்ததாகச் சொன்னால் முன்னோர் நம்பினார்கள். நம் காலத்தில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே உண்டு; அதுவும் வந்தால் வந்தது. நல்லாறு என்றொரு ஓடை அவிநாசி வழியாகவும், சிற்பிகளின் உளியோசை கேட்கும் திருமுருகன்பூண்டி வழியாகவும் சென்று திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளத்தைச் சேர்கிறது. ஆனால் இன்று அதில் பெரும்பாலும் ஓடுவது ஊர்க் கழிவுநீரே. ஆகவே உழவர்கள் நம்பியது கிணற்றைத்தான். எருதுகளைப் பூட்டி, தோற்பறியில் நீர் இறைக்கும் ஏற்றத்திற்குக் கொங்கு நாட்டில் 'கவலை' என்று பெயர். மனத்தை அரிக்கும் கவலைக்கும் அதே சொல்தான். இரண்டும் விடியுமுன் தொடங்குபவை என்பதால் இப்பெயர் பொருத்தமாகவே நமக்குப் படுகிறது. பின்பு மின்சார மோட்டார் வந்தது. அதன்பின் ஆழ்துளைக் கிணறு வந்தது. ஆயிரம் அடி தாண்டித் துளையிட்டும் வெறும் புழுதியைக் கண்டு, துளையிட வாங்கிய கடனோடு வீடு திரும்பியவர்கள் பலர்.

அந்தக் கிணற்று நீரில் விளைந்தது பருத்தி. கம்போடியா பருத்தி என்னும் நீண்ட இழைப் பருத்தி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைச் சீமைக் கிணற்றுத் தோட்டங்களில் வேரூன்றியது. கோவையின் நூற்பாலைகள் அதனால் செழித்தன. இன்றும் அவிநாசியில் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தி ஏலம் நடைபெறுகிறது. ஆர்.சி.எச். ரகம் ஒரு விலை, கொட்டு ரகம் என்னும் மட்டரகம் ஒரு விலை என்று குவிண்டால் கணக்கில் போகும். ஆயினும் திருப்பூருக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி குசராத்து, மகாராட்டிரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களிலிருந்து லாரியில் வருகிறது. பருத்தியால் வளர்ந்த நாடு பருத்தியை வெளியிலிருந்து வாங்குகிறது.

நீர் குறைந்த தோட்டங்களில் தறிக் கொட்டகைகள் எழுந்தன. அவிநாசி, தெக்கலூர், புதுப்பாளையம், பெருமாநல்லூர், சோமனூர் வட்டாரங்களில் விசைத்தறிகள் கூலிக்கு நெய்பவை. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் நூலும் தருவார். தறிக்காரர் காடா துணியாக நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பெறுவார். தறி சொந்தம், கொட்டகை சொந்தம், மின்கட்டணமும் சொந்தம். துணி மட்டும் பிறருடையது. கூலி உயர்வு கேட்டு 2022 இலும் 2025 இலும் வாரக்கணக்கில் தறிகள் நிறுத்தப்பட்டதை நம் வாசகர்கள் நினைவிற் கொண்டிருப்பர்.

தறிக்கு அடுத்தபடியாகப் பனியன் கம்பெனி. விடியற்காலையில் அவிநாசிக் கிராமங்களின் முச்சந்திகளில் நின்றால் கம்பெனி வேன்கள் வரிசையாய் வருவதைக் காணலாம். கைமடி, பிசிறு வெட்டு, ஓவர்லாக், செக்கிங் என்று வேலைகளின் பெயர்கள் வேறு. 'ஒன்றரை ஷிப்ட்' என்னும் பன்னிரண்டு மணி நேரக் கணக்கு எல்லாருக்கும் ஒன்று. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் இங்கே வாடகைக்கு அறை எடுத்து வாழ்கிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்த நம் குடும்பங்களும் அவர்களிடையே உண்டு.

சாலையைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். இந்நெடுஞ்சாலையில் தெக்கலூருக்கு மேற்கே உள்ள கருமத்தம்பட்டி நம் மறைமாவட்ட வரலாற்றில் மூத்த இடம். 1846 அக்டோபர் 4 ஆம் நாள் தெ மரியோன் பிரெசியாக் ஆண்டகை ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது அங்கேதான். பின்னாளில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவிய அவர் 1859 இல் ஃப்ரீடவுனில் இறந்தார். அவர் காலத்தில் இது மாட்டு வண்டிகள் செல்லும் பாதை. இன்று கொச்சிக்கும் சேலத்திற்கும் இடையே கண்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் ஓடும் பாதை. 2020 பிப்ரவரி 20 ஆம் நாள் விடியுமுன், பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தின்மேல், எதிர்த்திசையில் டைல்ஸ் ஏற்றிவந்த லாரி சாலைத் தடுப்பைத் தாண்டி மோதியது. 19 பேர் மாண்டனர். சிவராத்திரி விடுமுறைக்கு ஊர் திரும்பியவர்கள் அவர்களுள் பலர். கேரளத்து வீடுகள் சிலவற்றில் அவிநாசி என்னும் பெயர் இன்று வேறொன்றை நினைவூட்டுகிறது.

இனி நீரின் கதைக்குத் திரும்புவோம். பவானி ஆற்றில் பெருகிவரும் வெள்ளத்தை மேற்கே மலையடிவாரத்து அத்திக்கடவிலிருந்து கால்வாய் வழியாக இவ்வறண்ட பகுதிக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கைக்கு அறுபது ஆண்டு வயது. ஒவ்வொரு தேர்தலிலும் அது வாக்குறுதியாயிற்று. ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் ஆய்வாயிற்று. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் உழவர்கள் காலவரையற்ற உண்ணாவிரதம் இருந்தனர். பல்லாயிரவர் வந்து உடன் அமர்ந்தனர். 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2024 ஆகஸ்ட் 17 ஆம் நாள், ஏறத்தாழ 1,916 கோடி ரூபாய்ச் செலவில் முடிந்த திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதே திங்களில் நல்லாறு சேரும் நஞ்சராயன் குளமும் உலகளாவிய ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

பெயரில் அத்திக்கடவு இருந்தாலும் நீர் அங்கிருந்து வருவதில்லை. கீழே, பவானியிலுள்ள காளிங்கராயன் அணைக்கட்டைக் கடந்து வீணே செல்லும் உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் மேட்டுக்கு ஏற்றி, குழாய்களின் வழியே மூன்று மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குச் சேர்க்கின்றன. ஆண்டுக்கு 70 நாள், விநாடிக்கு 250 கன அடி, மொத்தம் 1.5 டி.எம்.சி. ஆற்றில் உபரி இல்லாத ஆண்டில் குழாய்க்கும் நீர் இல்லை. வயலுக்கு நேரே பாயும் நீரும் அன்று இது. குளத்தில் நின்று, மண்ணில் இறங்கி, கிணறுகளில் ஊற வேண்டும். குளத்தில் சீமைக்கருவேலமும் குப்பையும் நிறைந்திருந்தால் எத்தனை கோடி செலவழித்தாலும் நீர் இறங்காது. அது பொறியாளர் வேலையன்று, ஊரார் வேலை. திட்டத்தில் இடம்பெறாத குளங்களையும் சேர்க்கக் கோரி விடுபட்ட ஊரார் மனுக் கொடுத்து வருகிறார்கள்.

சேவூர்ப் பக்கம் ஒரு குட்டைக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். நான்கு ஏக்கர் உடையவர். பத்து ஆண்டுகளாகச் சோளத்தட்டு தவிர வேறு விளைவிக்காதவர்.

"தண்ணி வந்துருச்சுங்களா, ஐயா?" என்றோம்.

"குட்டைக்கு வந்துருச்சுங்க. கெணத்துக்கு இன்னும் வந்து சேரோணுமுங்க" என்றார்.

மகன் எங்கே என்று வினவினோம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர் என்றார். "கெணறு ஊறுச்சுன்னா பருத்தி போடலாமுடான்னு சொல்லியிருக்கறனுங்க. பாக்கலாமுங்கறான்."

சொல்லிவிட்டு எழுந்து, குட்டைக்குள் இறங்கப் பார்த்த ஆட்டை விரட்டப் போனார்.