ஆலய வளாகமும் நம் உடல்நலமும்



1928-ஆம் ஆண்டு மருத்துவர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோயாளர்களுக்கென மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். அந்நோயைத் தீர்க்கும் மருந்து அன்று இல்லை. சத்தான உணவு, தூய காற்று, ஓய்வு ஆகியவையே சிகிச்சை.

இன்று நம்மை வாட்டுவது சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும். இவற்றிற்கு மருந்து உண்டு. ஆனால் மருந்து மட்டும் போதாது. நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. இது பட்டணத்து நோய் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. படப்பை, மணிமங்கலம் பக்கம் வயல்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. நாற்று நட்ட குடும்பங்களின் பிள்ளைகள் ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போகிறார்கள். உழைப்பு குறைந்தது, தட்டிலுள்ள சோறு குறையவில்லை.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. உண்பதையும் நடப்பதையும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரத்திற்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் தாய்மார்கள் எங்கே நடப்பார்கள்? வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் லாரிகளுக்கு நடுவிலா?

கிராமத்து ஆலயங்கள் உதவக்கூடிய இடம் இதுதான். சுற்றுச்சுவரும் விளக்கும் உள்ள நம் வளாகத்தைத் திருப்பலி முடிந்ததும் பூட்டிவிடுகிறோம். மாலையில் ஒரு மணி நேரம், எம்மதத்தவராயினும் ஊர்ப் பெண்கள் அச்சமின்றி நடக்க அதைத் திறந்து வைக்கலாமே! மறைக்கல்வி முடிந்ததும் பிள்ளைகளை அரை மணி நேரம் ஓடியாட விடலாம். அன்பியக் கூட்டங்களில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் தரலாம். திருவிழா விருந்தில் பிரியாணியோடு காய்கறிக்கும் இடம் கொடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரை அழைத்து, ஞாயிறு திருப்பலிக்குப் பின் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிக்கச் செய்யலாம். பங்குப்பேரவை மனம் வைத்தால் இவற்றிற்குப் பெருஞ்செலவு ஆகாது.

செபத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவோரும் நம்மிடையே உண்டு. செபிப்போம், மாத்திரையையும் தவறாமல் உட்கொள்வோம். மருத்துவர் வழியாகவும் இறைவன் குணமளிக்கிறார்.

இதெல்லாம் ஆலயத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். நம் உடலையே தூய ஆவியார் குடிகொள்ளும் கோவிலாகக் கண்டார் புனித பவுல். கற்களாலான கோவிலுக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிக்கிறோம். இந்தக் கோவிலை இடிந்துபோக விடலாமா? சிறு வயதிலேயே மாரடைப்பால் இறந்த தந்தையருக்கு அடக்கத் திருப்பலி நிறைவேற்றும்போது, அந்தப் பிள்ளைகளின் முகத்தை நாம் பார்க்கிறோம். அந்த நாள் வருமுன்பே அக்குடும்பங்களுக்குத் துணைநிற்பதும் இரக்கச் செயலே.

வரும் பங்குப்பேரவைக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். முதலில் வாயிற்கதவைத் திறப்போம்.