மலைக்காற்றும் தழும்பேறிய சுவாசமும்

மலைக்காற்று மருந்துக்குச் சமானம் என்பது நம்மவரிடையே ஆழ வேரூன்றிய அபிப்பிராயம். 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் பிரிட்டிஷ் நில அளவையாளர் ஆராய்ந்தறிந்த இந்தக் கேமரன் மலைப் பிரதேசத்தில், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவிய காலந்தொட்டு, காட்டை வெட்டிச் செடி நட்டுக் கொழுந்து பறித்து ஜீவித்து வந்த நம் மக்களும், விடுமுறைக்கு ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஏறி வருவோரும், இந்தக் குளிர்ந்த காற்றைப் பாக்கியமாகவே கருதி வந்திருக்கின்றனர். ஆரோக்கியமான தேகத்திற்கு அது பாக்கியமே. ஆனால் நுரையீரலில் தழும்பு படர்ந்து சுவாசம் சுருங்கிப்போன ஒருவருக்கு இதே மலை என்ன செய்கிறது என்பதையும், அவருக்கு நாம் செய்ய வேண்டியது என்ன என்பதையும் சற்று நிதானமாகச் சிந்திப்பது அவசியம்.

பல்மனரி ஃபைப்ரோசிஸ் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்நோயில், பிராணவாயுவை இரத்தத்தில் சேர்க்கும் மெல்லிய திசுக்கள் தடித்து இறுகித் தழும்பாகிவிடுகின்றன. தூசி, பூஞ்சை, பறவைகளின் எச்சம், மூட்டுவாதம், சில மருந்துகள் எனக் காரணங்கள் பல உண்டு. காரணமே புலப்படாத வகையும் உண்டு, அது பெரும்பாலும் 60 வயதைக் கடந்தவர்களையே பற்றுகிறது. விடாத வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குதல், விரல் நுனிகள் உருண்டு தடித்தல் ஆகியன அதன் அடையாளங்கள். முதுகின் அடிப்புறத்தில் குழாயை வைத்துக் கேட்கும் மருத்துவருக்கு, வெல்க்ரோ பட்டையை மெல்லப் பிரிப்பது போன்ற ஒலி கேட்கும். இவற்றை முதுமை என்றோ, ஆஸ்துமா என்றோ, காசநோய் என்றோ எண்ணி மாதக்கணக்கில் காலத்தைக் கடத்துவது எங்கும் நிகழ்கிற விபரீதம்.

கேமரன் மலையில் வசிப்போர்க்கு இதனோடு இன்னொரு சங்கடமும் சேர்கிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு கடலோரத்தில் கிடைப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரல் இந்தக் குறைவைப் பொருட்படுத்துவதில்லை. தழும்பேறிய நுரையீரலுக்கோ அதுவே பெரும் சுமை. நாற்காலியில் அமர்ந்திருக்கையில் சரியாக இருக்கும் இரத்தப் பிராணவாயுவின் அளவு, லயத்திலிருந்து சாலைக்கு ஏறும் பத்துப் படிகளில் சரிந்துவிடக்கூடும். ஆகவே சோதனையை உட்கார்ந்த நிலையில் மட்டும் செய்து முடித்துவிடாமல், நோயாளியை நடக்க வைத்தும் அளந்து பார்க்க வேண்டும்.

இனி மருந்துக்கு வருவோம். நின்டெடானிப், பிர்ஃபெனிடோன் என்னும் இரு மருந்துகளுக்கும் 2014-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் ஒரே நாளில் அனுமதி கிடைத்தது. விழுந்த தழும்பை இவை அகற்றுவதில்லை. நுரையீரலின் ஆற்றல் குன்றும் வேகத்தை ஏறத்தாழப் பாதியாகத் தணிக்கின்றன. சில ஆண்டுகளையே எல்லையாகக் கொண்ட நோயில் அது அற்பமான நன்மை அன்று. எனினும் மருந்து தரும் உபாதைகள் உடனே தெரிகின்றன. அதன் நன்மையோ கண்ணுக்குத் தெரிவதில்லை. வயிறு போகிறது, குமட்டுகிறது, ருசி கெடுகிறது, எடை குறைகிறது. இவற்றை அனுபவிக்கும் முதியவர், மூச்சும் தேறவில்லையே என்று மனம் தளர்ந்து, ஒருவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவாரானால், அதை அவருடைய அறியாமை என்று கூறுவது நியாயமாகாது.

நின்டெடானிபைப் பரீட்சித்த பெரிய ஆய்வுகளில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு உண்டாயிற்று. ஆனால் அதன் காரணமாக மருந்தையே கைவிட்டவர்கள் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. உபாதை தோன்றியதும் கேட்பதற்கு ஆள் இருந்தது, வயிற்றுப்போக்கை அடக்கும் மருந்து கொடுக்கப்பட்டது, தேவைப்பட்டபோது 150 மில்லிகிராம் 100 ஆகக் குறைக்கப்பட்டது, சில நாட்கள் இடைவெளி விட்டு மீண்டும் தொடங்கப்பட்டது. உபாதையைக் கவனிப்பதும் சிகிச்சையின் ஓர் அங்கமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தக் கவனிப்பு நமது வாழ்க்கை முறையை அறிந்ததாகவும் இருக்க வேண்டும். விடியற்காலையில் தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டுப் பழகியவர்கள் நம் மக்கள். ஓய்வு பெற்ற பின்னும் பலருக்கு அப்பழக்கம் போவதில்லை. இம்மாத்திரைகளை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டல் அதிகமாகும். வயிறாரப் பசியாறிய பிறகே உட்கொள்ள வேண்டும். பிர்ஃபெனிடோன் உண்பவரின் சருமம் வெயிலில் சிவந்து தடிக்கக்கூடும். பனி மூடிய இம்மலையில் வெயில் உறைப்பதில்லை. ஆயினும் உயரம் ஏற ஏறச் சூரிய ஒளியின் எரிக்கும் சக்தி மிகுதியாகிறது, மேகமும் அதை முழுவதும் தடுப்பதில்லை. அகன்ற தொப்பியும், மணிக்கட்டு வரை நீண்ட கைச்சட்டையும், வெயில் காப்புக் களிம்பும் அவர்களுக்கு மருந்தின் பகுதியே. இரு மருந்துகளும் ஈரலைத் தாக்கக்கூடியவை. இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது, நாட்டு மருந்து எதுவாயினும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்கவும் கூடாது. வீட்டில் குழாய் வழியாகப் பிராணவாயு பெறுவோர், பூஜை விளக்கையும் சாம்பிராணியையும் அடுப்பையும் அந்தக் குழாய்க்கு எட்டாத தொலைவில் வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் யார் எடுத்துச் சொல்வது? நுரையீரல் நிபுணர்கள் சமவெளியின் பெரிய மருத்துவமனைகளிலேயே இருக்கின்றனர். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்கள் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான் கட்டணம். ஆனால் மூச்சுத் திணறும் ஒருவரை வளைந்து வளைந்து இறங்கும் மலைச்சாலையில் ஈப்போவுக்கு அழைத்துச் சென்று திரும்ப, வண்டிக் கூலியும், உடன் செல்லும் மகனின் ஒரு நாள் சம்பளமும் போய்விடுகின்றன. ஆதலால் மலையிலேயே முடியக்கூடியவை மலையிலேயே நடைபெற வேண்டும் என்பதே என் கட்சி. இரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, நடந்து பார்க்கும் சோதனை, வாரந்தோறும் மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் ஆகியவற்றைத் தானா ராத்தாவின் சுல்தானா ஹாஜ்ஜா கல்சோம் மருத்துவமனையும் அக்கம்பக்கத்துக் கிளினிக்குகளும் ஏற்று நடத்தலாம். நிபுணரின் ஆலோசனையைத் தொலைபேசி வழியாகப் பெறலாம். மருந்தின் உபாதைகளையும் அவற்றுக்குரிய பரிகாரங்களையும் தமிழில் அச்சிட்ட ஒரு தாளில் கொடுப்பதற்கு அதிகச் செலவு ஆகாது. மருந்தின் விலையோ சாமானியர் தாங்கத்தக்கதன்று. அந்தச் சுமையை அரசாங்கமே ஏற்க வேண்டும்.

தோட்டங்களுக்கும் இதில் கடமை உண்டு. மூச்சு வாங்கும் தொழிலாளியைச் சரிவிலே நிறுத்தாமல் இலகுவான வேலைக்கு மாற்றுவதும், 60 வயதுக்கு முன்பே உழைக்க இயலாமற்போனவர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இயலாமை ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்க உதவுவதும் நிர்வாகங்கள் செய்யத்தக்க காரியங்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர் இந்த மருந்தை உட்கொள்கிறார் என்றால், இன்று மாலையே அவர் பக்கத்தில் அமர்ந்து, சாப்பாடு செல்கிறதா, வயிறு எப்படி இருக்கிறது, மாத்திரை எத்தனை மிச்சம் என்று விசாரியுங்கள். மிச்சம் அதிகமாக இருந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். மறுநாளே மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள்.