கொடை விழாச் சண்டையும் ராணுவக் கனவும்

தென்காசி வட்டாரத்தில் விடியுமுன் பள்ளி மைதானங்களில் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண். புல்-அப்ஸிலும் முழு மதிப்பெண் வேண்டுமென்றால் பத்து எடுக்க வேண்டும், ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். அக்னிவீர் ஆள்சேர்ப்பில் இதெல்லாம் தேறினாலும் கடைசியில் போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கிறது. அதில் ஒரு கேஸ் தலைகாட்டினால் ஓடிய ஓட்டமெல்லாம் வீண்.

2022 ஜூனில், அக்னிவீர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தை எதிர்த்து வட மாநிலங்களில் ரயில்கள் எரிந்தன. ஜூன் 19ஆம் தேதி லெப்டினன்ட் ஜெனரல் அனில் புரி வெளிப்படையாகவே சொன்னார்: கலவரத்தில் பங்கேற்கவில்லை என்று ஒவ்வொருவரும் எழுதித்தர வேண்டும், எஃப்ஐஆரில் பெயர் இருந்தால் சேர முடியாது. இதை நான் கொடுமை என்று சொல்லமாட்டேன். துப்பாக்கியைக் கையில் கொடுப்பவர்கள் ஆளை விசாரிக்கத்தான் செய்வார்கள். ஈராக் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவம் குற்றப் பின்னணி உள்ள பலருக்கு விலக்கு அளித்தது. 2022இல் ரஷ்யாவின் வாக்னர் படை சிறைகளுக்கே போய் ஆள் பிடித்தது. ஆள் கிடைக்காத நெருக்கடியில் செய்த காரியங்கள் அவை. நமக்கு அந்த வழி வேண்டாம். நம் பையன் மேல் கேஸ் விழாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

கேஸ் எப்படி விழுகிறது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. கோயில் கொடையில் மேளம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் தொடங்கும். குற்றாலத்தில் சீசன் நேரத்து நெரிசலில் வண்டி நிறுத்துவதில் தொடங்கும். பிளக்ஸில் யார் படம் பெரிது என்பதிலும் தொடங்கும். வாய்ச்சண்டை போடுபவர்கள் பெரியவர்கள். “நீங்க நாலு பேரு வாங்கலே” என்று அழைக்கப்படுபவர்கள் பையன்கள். மறுநாள் ஸ்டேஷனில் இரண்டு தரப்பும் புகார் கொடுக்கும். பத்துப் பெயர் எழுதி, “மற்றும் சிலர்” என்று முடிப்பார்கள். அந்தச் சிலரில் யாரைச் சேர்ப்பது என்பது பிறகு முடிவாகும். எதிர்த்தரப்பில் யார் மிலிட்டரிக்குத் தயாராகிறான் என்று விசாரித்து அவன் பெயரைச் சேர்ப்பவர்களும் உண்டு. ஒரு பிள்ளையின் பிழைப்பில் கைவைக்கும் பாவம் அது. எந்தச் சாதிக்காரர் செய்தாலும் பாவம்தான்.

இரண்டு வருடம் கழித்து ஊர்ப் பெரியவர்கள் ராஜி பேசுவார்கள். சாட்சி பிறழும், விடுதலையும் கிடைக்கும். ஆனாலும் பையனுக்குச் சிக்கல் தீராது. ராணுவத்தோடு சேர்த்து நம் மாநிலக் காவலர் தேர்வையும் எழுதுபவர்கள் நிறைய. அந்தப் பணிக்கான விதியில், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும் புகார் கொடுத்தவரே பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2008இல் மணிகண்டன் வழக்கில் இந்த விதி செல்லும் என்றது.

பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பதினெட்டு நிறையாதவர் மேல், கொடுங்குற்றம் தவிர மற்றவற்றுக்கு எஃப்ஐஆர் போடக்கூடாது. ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சிறார் நீதிச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டு விதி. அதில் ஒரு விலக்கு இருக்கிறது: பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டால் எஃப்ஐஆர் போடலாம். அதாவது, பதினேழு வயதுப் பையனுக்குச் சட்டம் கொடுத்த பாதுகாப்பை, அவனைச் சண்டைக்குக் கூட்டிப்போகும் மாமாவும் சித்தப்பாவும்தான் பறிக்கிறார்கள். அக்னிவீர் ஆவதற்குக் குறைந்தபட்ச வயதே பதினேழரை.

அப்படியே கேஸ் விழுந்துவிட்டாலும், சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பெரும்பாலான சிறார்களுக்கு அதனால் தகுதியிழப்பு வராமல் காக்கிறது. மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக்குத் தேர்வான ஒருவருக்குச் சிறுவயது வழக்கு தடையாகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அவர் படிவத்தில் அந்த வழக்கை மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2016இல் அவ்தார் சிங் வழக்கிலும், இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் கேட்ட விவரத்தை உண்மையாகச் சொல்ல வேண்டும் என்றே நீதிபதிகள் கூறினர். “கேஸை எழுதாதே, யாருக்குத் தெரியப்போகுது” என்று யோசனை சொல்பவர் பையனுக்குக் கெடுதல் செய்கிறார். சொன்னால் வேலை உறுதி என்பதில்லை. மறைத்தால், சேர்ந்த பிறகும் வீட்டுக்கு அனுப்ப முடியும்.

ஆகவே பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்வோம். காவல் ஆய்வாளர்கள் புகாரில் உள்ள பெயர்களை அப்படியே பதியாமல், அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தவர் யார் என்று விசாரித்து எழுதட்டும். வயதைப் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து எழுதட்டும். ஆசிரியர்கள் சாதிக் கயிறு கட்டிய கையைக் கண்டால் பெற்றோரை அழைத்துப் பேசட்டும். நாங்குநேரியில் பள்ளி மாணவன் சாதி வெறியால் வெட்டப்பட்ட கொடூரத்துக்குப் பின் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தந்த அறிக்கை அந்தக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. சாதிச் சங்கத் தலைவர்கள் பையன்களை ஊர்வலத்தின் முன்வரிசையில் நிறுத்தாமல் இருக்கட்டும்.

கொடைக்கு வரி பிரிக்கக் கூடும் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போடுங்கள்: தகராறு வந்தால் பெரியவர்கள் மட்டும் பேசுவது, படிக்கிற பையன் ஒருவனையும் கூப்பிடுவதில்லை, பொய்யாக யார் பெயரையும் புகாரில் சேர்ப்பதில்லை. எதிர்த்தெருக்காரர்களையும் அழைத்து அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.