மஞ்சள் டப்பாவை மூடி வையுங்கள்!

அஞ்சறைப் பெட்டியில் இருப்பதெல்லாம் மருந்துதான். தினமும் நோயாளிகளிடம் இதைச் சொல்கிறவன் நான். ஆனால் 'யாருக்கு மருந்து?' என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது நகரத்து வீடுகள் சிலவற்றில் கண்ணாடித் தொட்டியில் ஆக்ஸலாட்டல் வளர்க்கிறார்கள். நாலு கால், தலையின் இரு பக்கமும் இறகு மாதிரி செவுள்கள், சிரிக்கிற மாதிரி முகம். பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. இது மீன் இல்லீங்க, தவளைக்கு உறவு. சொந்த ஊர், மெக்ஸிகோ நகரத்தின் தெற்கே உள்ள ஸோச்சிமில்கோ ஏரி. குளிர்ந்த தண்ணீரில் வாழ்கிற பிராணி.

இதன் செவுளில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூஞ்சை படர்ந்தால் உடனே யோசனை கிளம்பும். "மஞ்சள் கிருமிநாசினிதானே டாக்டர், ஒரு சிட்டிகை போட்டா என்ன? வேப்பெண்ணெய் ரெண்டு சொட்டு விடலாமா?" சித்த மருத்துவன் என்பதால் என்னிடமே கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம்!

காரணம் கேளுங்கள். நாம் விழுங்குகிற மருந்து வயிறு, குடல், ஈரல் என்று பல வாசல் தாண்டித்தான் உடம்பில் சேர்கிறது. ஆக்ஸலாட்டலின் மெல்லிய தோலோ தண்ணீரில் கலந்ததை நேரே உள்ளே இழுத்துவிடும். மஞ்சள்தூள் தண்ணீரில் சரியாகக் கரையாது. செவுள் இழைகளில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் மேலே படலம் கட்டும். ஏற்கெனவே தவிக்கிற பிராணிக்கு இதுவா வைத்தியம்?

தேகம், காலம், அளவு, அனுபானம் பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது சித்த மருத்துவத்தின் பாலபாடம். மாட்டுக்குக்கூட வாகடம் எழுதி வைத்த முன்னோர்கள், கடல் தாண்டி இருந்த இந்தப் பிராணியைக் கண்டதில்லை. இதற்கு அளவு சொல்ல நான் யார்?

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது? தண்ணீரைக் கவனியுங்கள். கழிவில் சேரும் அம்மோனியாவும், குழாய்த் தண்ணீரின் குளோரினும், சூடும்தான் பெரும்பாலும் வினை. நோயுற்றதைத் தனி டப்பில் விட்டு, குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீரைத் தினமும் முழுசாக மாற்றுங்கள். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் நல்லது. 24-ஐத் தாண்டினால் ஆபத்து. சூட்டைத் திடீரென்று குறைக்காமல் மெதுவாகக் குறையுங்கள். உப்புக் குளியல் கொடுப்பவர்கள் உண்டு. அளவோ நேரமோ மிஞ்சினால் செவுளும் தோலும் புண்ணாகும். ஆகவே மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

செவுள்கள் முன்பக்கமாக வளைவது, வால் நுனி சுருள்வது, இரையைத் தொடாதது... இவையெல்லாம் எச்சரிக்கை. இரண்டு நாளில் தெளியாவிட்டால், இத்தகைய பிராணிகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கால் துண்டானாலும் திரும்ப முளைக்க வைக்கிற உடம்பு அது. அதற்கு நம் கைமருந்து தேவையில்லை. சுத்தமான, குளிர்ந்த தண்ணீர்தான் தேவை. வருஷம் முழுக்க அதைத் தர முடியாத வீட்டில் இதை வளர்க்கவே கூடாது என்பது என் கட்சி.

பிள்ளை அடம்பிடித்தால் முதலில் ஒரு தெர்மாமீட்டர் மட்டும் வாங்குங்கள். மே மாதத்து மத்தியானத்தில் ஒரு வாளித் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். அது காட்டுகிற எண்ணைப் பிள்ளையையே படிக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் இருவருமாக முடிவு செய்யுங்கள்.