படத்துக்குக் கீழே தெருப் பெயர் எங்கே?

போன வாரம் நம் புதுச்சேரியில், ஊர் வரலாற்றைச் சொல்லும் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில், உள்ளூர் ஓவியர் ஒருவரின் நீர்வண்ணப் படங்களைப் பார்த்தேன். கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் நான்கைந்து படங்களில் இருந்தன. சுற்றுலா வருகிறவர்களுக்காக வரைந்திருப்பார். அவரும் பிழைக்க வேண்டுமே. மற்றதெல்லாம் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, நம் தமிழர் தெருக்கள்.

உடன் வந்த நண்பருக்குப் பிடிக்கவில்லை. தூண் கோணலாக நிற்கிறதாம், நிழல் தப்பான பக்கம் விழுகிறதாம். இருக்கலாம். ஓவியக் கூடத்தில் மாட்டியிருந்தால் அது பேச்சு. வரலாற்றுக் காட்சியில் மாட்டிய படத்திடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் கட்சி.

ஒரு படத்தில் இரண்டு மாடி வீடு. கீழே திண்ணை, மரத்தூண், தெருவோரம் தாழ்வாரம். மாடியில் வளைவு ஜன்னல், மரச்சட்டக் கதவு, சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும் வீட்டில் தமிழுமாக வளர்ந்த எனக்கு, என்னையே யாரோ வரைந்து மாட்டியதுபோல் இருந்தது.

இந்த மாதிரி வீடுகளில் பேர் பெற்றது 1738-இல் கட்டிய ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. நாட்குறிப்பு எழுதியவர் வீடு என்பதால் அதை மதிக்கிறோம். மேரி கட்டடம் 2014 நவம்பரில் சரிந்தது, ஊரே வருத்தப்பட்டது, பழைய தோற்றத்திலேயே எழுப்பி 2021-இல் திறந்தார்கள். நல்லது. ஆனால் நாட்குறிப்பு எழுதாத ஒரு செட்டியார் வீடு பாகப்பிரிவினையில் போனால்? அண்ணன் தம்பி பிரித்துக்கொள்வார்கள், விற்பார்கள், ஆறே மாதத்தில் அடுக்குமாடி. எஞ்சுவது இந்தப் படம் ஒன்றுதான்.

அந்தப் படத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 'காலை வெளிச்சம்'. அடுத்ததில் 'வீடு 3'. தெரு இல்லை, ஆண்டு இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு கட்டியவன் நான். தேதியில்லாத காகிதத்தை எந்த மேசையும் வாங்காது. பிரெஞ்சுக் காலத்துப் பழைய பிறப்புப் பதிவேட்டைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், குழந்தை பிறந்த மணி முதல் சாட்சியின் வயது வரை எழுதியிருப்பான். ஒரு வீடு செத்ததற்கு அந்த மரியாதைகூட இல்லையா?

ஓவியர் உயிரோடு இருக்கிறார். எந்தத் திண்ணையில் உட்கார்ந்து, எந்த ஆண்டு வரைந்தார் என்று அவரைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. மீதியைப் பார்க்க வருகிறவர்களே சொல்லிவிடுவார்கள். நான் நின்றபோதே இரண்டு பெண்கள் ஒரு படத்தின் முன்னால், அது கோமுட்டித் தெருவா பெருமாள் கோயில் தெருவா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை எழுதிக்கொள்ள அங்கே ஒரு நோட்டு இல்லை. பத்துப் படங்களையாவது அருங்காட்சியகமே விலைக்கு வாங்கி வைக்கலாம். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக யார் யார் வீட்டு வரவேற்பறைக்கோ போய்விடும்.

காட்சி இந்த மாதக் கடைசி வரை இருக்கிறது. பழைய ஆட்கள் போய்ப் பாருங்கள். தெரிந்த வீடு கண்ணில் பட்டால், வாசலில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் தெருப் பெயரையும் வீட்டுக்காரர் பெயரையும் சொல்லி, உங்கள் எதிரிலேயே எழுதச் சொல்லுங்கள். பேனா கையோடு கொண்டு போங்கள்.