கார்டுக்கு இடமில்லையென்று கருவியை ஏலம் போட்ட கதை

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பு, பிறகு அரசுக் குமாஸ்தா வேலை, யு.டி.சி.யாக ஓய்வு. ஆனால் கடைசிச் சில வருடங்கள் ஒரு ஆய்வுக்கூடத்தின் ஸ்டாக் ரெஜிஸ்டர் என் மேசையில் இருந்தது. அந்த உரிமையில் சொல்கிறேன்: நல்ல கருவிகளை நாம் குப்பைக்கு அனுப்புகிறோம். அதற்கு ஃபைலில் எழுதும் காரணமும் பொய்.

2003 வாக்கில் நடந்தது. ஒரு மல்டிமீட்டர், ஒரு ஃப்ரீக்வென்சி கவுன்ட்டர், ஒரு சிக்னல் ஜெனரேட்டர். மூன்றும் கனத்த கேபிளால் ஒன்றோடொன்று கோத்து, ஒரு பழைய கம்ப்யூட்டரில் முடியும். ராத்திரி முழுக்க ஆள் இல்லாமலே அளவுகள் பதிவாகும். ஒருநாள் கம்ப்யூட்டர் செத்தது. புதியது வந்தது. பழைய கார்டு நுழைய அதில் இடமே இல்லை, ஐ.எஸ்.ஏ. ஸ்லாட் வைப்பதைக் கம்ப்யூட்டர்காரர்கள் அதற்குள் நிறுத்தியிருந்தார்கள்.

டெக்னீஷியன் தம்பி என்னிடம் வந்து, "சார், மூணு மெஷினும் நல்லா இருக்கு. புது ஸ்லாட்டுக்கு ஏத்த கார்டு ஒண்ணு வாங்கினா போதும்" என்றார். கமிட்டி கேட்கவில்லை. "காலாவதியானவை, பழுதுபார்க்க இயலாதவை" என்று குறிப்பு எழுதச் சொன்னார்கள். எழுதியது என் கைதான். மூன்றும் எடைக்குப் போயின.

அந்தத் தம்பி டீ குடிக்கும்போது விளக்கியதுதான் எனக்கு இந்த விஷயத்தில் கிடைத்த பாடம். ஹியூலெட்-பேக்கார்டு கம்பெனி தன் கருவிகளுக்காகச் செய்த இணைப்பு இது. 1975-இல் ஐ.இ.இ.இ. 488 என்ற பொதுத் தரமானது. ஜி.பி.ஐ.பி. என்பார்கள். 16 சிக்னல் கம்பிகள்: எட்டு தகவலுக்கு, ஐந்து நிர்வாகத்துக்கு, மூன்று கைகுலுக்கலுக்கு. ஒரே பஸ்ஸில் 15 கருவிகள் வரை சேரலாம்.

அந்த மூன்று கம்பி சமாசாரம் கேட்டதும் எனக்கு எங்கள் பள்ளியின் 'திக்தே' நினைவுக்கு வந்தது. வாத்தியார் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். கடைசி பெஞ்சு பையன் பேனாவைக் கீழே வைக்கும்வரை அடுத்த வரிக்குப் போகமாட்டார். இங்கும் அதேதான். கேட்கும் கருவி ஒவ்வொன்றும் 'இன்னும் தயாராகவில்லை' என்ற கம்பியைப் பிடித்து இழுத்து வைத்திருக்கும். எல்லாரும் விட்டபிறகுதான் பேசும் கருவி அடுத்த எழுத்தை வைக்கும். மெதுவானவனுக்காக வேகமானவன் காத்திருப்பான். அதனால்தான் பழைய கருவியும் புதுக் கருவியும் ஒரே கேபிளில் சண்டையில்லாமல் இருக்க முடிகிறது.

இந்தக் காத்திருப்பையும் முகவரி பார்ப்பதையும் கம்ப்யூட்டர் தலையில் ஏற்றாமல் தானே பார்த்துக்கொள்ளத்தான் அந்தச் சிப். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.எம்.எஸ். 9914, என்.இ.சி.யின் 7210 என்று 40 கால் பூச்சிகள். (பிரெஞ்சில் சிப்புக்குப் பெயரே 'ப்யூஸ்', அதாவது தெள்ளுப்பூச்சி. பொருத்தமான பெயர்.) நாயின் மேலிருந்த தெள்ளுப்பூச்சி செத்ததற்கு நாயைப் புதைத்த கதைதான் எங்கள் ஆபீசில் நடந்தது.

'அந்தச் சிப் இப்போது வருவதில்லையே' என்பார்கள். வராவிட்டால் என்ன? தரம் அச்சில் இருக்கிறது, யாரும் செய்யலாம். அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், 9914 போலவும் 7210 போலவும் நடக்கத் தெரிந்த டி.என்.டி. 4882 என்ற ஒரே சிப்பைச் செய்தது. அதை வைத்து பி.சி.ஐ. கார்டும் வந்தது. தம்பி கேட்டது அப்படி ஒன்றைத்தான். இன்றோ யு.எஸ்.பி.யில் சொருகும் அடாப்டர் கிடைக்கிறது. ஆர்டுயினோ என்ற சின்ன போர்டை வைத்தே ஆர்வலர்கள் இந்த வேலையைச் செய்துவிடுகிறார்கள்.

எல்லாப் பழைய கருவியையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அளவு சரியாக வராத கருவி, உதிரிபாகம் கிடைக்காத கருவி, தாராளமாகப் போகட்டும். எங்கள் கேஸிலும் பழைய டாஸ் புரோகிராமை மாற்றி எழுதும் வேலை இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது சில வார வேலை. மூன்று கருவியின் விலை இல்லை.

என் கோபம் படிவத்தின் மேல். கண்டெம்னேஷன் படிவத்தில் வாங்கிய தேதி, விலை, தேய்மானம் எல்லாம் கேட்கிறார்கள். 'பழுது கருவியிலா, இணைப்பிலா?' என்று ஒரு பத்தி கிடையாது. டெண்டரிலும் அப்படியே. 'லேட்டஸ்ட் சாஃப்ட்வேருடன்' என்று எழுதுகிறோமே தவிர, கருவிக்கு அனுப்பும் கட்டளைகள் முழுவதும் அச்சிட்ட புத்தகமாகத் தரவேண்டும் என்று எழுதுவதில்லை. அந்தப் புத்தகம் கையில் இருந்தால் எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் கருவியோடு பேசலாம். இல்லையென்றால் கம்பெனிக்காரர் சொல்வதுதான் சட்டம்.

உங்கள் பிள்ளையோ பேரனோ பாலிடெக்னிக்கிலோ இன்ஜினியரிங் கல்லூரியிலோ வேலை பார்த்தால் ஒன்று சொல்லுங்கள். ஏலத்துக்குக் கட்டிவைத்த பெட்டிகளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். இரண்டு பக்கமும் ஸ்க்ரூவோடு, 24 காண்டாக்ட் உள்ள அகலமான சாக்கெட் இருந்தால், கையெழுத்துப் போடுமுன் கரண்டைக் கொடுத்துப் பார்க்கட்டும். நான் பார்க்காமல் எழுதிக் கொடுத்தேன்.