பெயர் சொல்லிக் கையெழுத்திடுபவர்

எங்கள் துறையில் முதுகலைத் தமிழ் படித்த மாணவர் ஒருவர் சென்னைத் துறைமுகத்தை அடுத்த தெருவொன்றில் கிளியரிங் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் என்னைப் பார்க்க வந்தபோது, "தமிழ் படித்துவிட்டுத் தரகு வேலைக்கா போனாய்?" என்று கேட்டேன். "பொருளுக்குப் பெயர் சொல்கிற வேலை ஐயா, நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்" என்றார். அன்று அதைச் சாமர்த்தியமான பதில் என்று மட்டுமே எடுத்துக்கொண்டேன். அந்த அலுவலகத்தின் உரிமம் இடைநிறுத்தம் செய்யப்பட்டு, அவரும் உடன் இருந்த ஏழு பேரும் வேலையிழந்த பிறகுதான் நான் கேட்ட கேள்வியின் அறியாமை எனக்கு உறைத்தது.

தரகர் என்றதும் நம் மனத்தில் எழுபவர்கள் வேறு. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடிப்பவர், வாடகைக்கு வீடு காட்டுபவர், ஜாதகக் கட்டோடு வருபவர். சுங்கத் தரகர் இவ்வரிசையில் சேர்பவர் அல்லர். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 146ஆம் பிரிவு அவருக்கென்றே உள்ளது. எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் எழுதித் தேறியவருக்கே உரிமம். 2013 வரை விதிகள் அவரைச் 'சுங்க இல்ல முகவர்' என்றன; அவ்வாண்டில் வந்த விதிகள் 'சுங்கத் தரகர்' என்று மாற்றின. (முகவர் தரகராகிப் பெயர் ஓர் இறக்கம் இறங்கியது, பொறுப்பு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.) தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் இன்றும் அவர் கிளியரிங் ஏஜென்ட்தான்.

கப்பலில் ஒரு பெட்டகம் வருகிறது. விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், கப்பல் நிறுவனம் தந்த சரக்கு ரசீது ஆகிய காகிதங்களிலிருந்து பெட்டகத்துக்குள் இருப்பதை அவர் சொற்களாக்க வேண்டும். எட்டிலக்க எண் ஒன்றை அதற்குச் சூட்டி, 'பில் ஆஃப் எண்ட்ரி' என்னும் ஆவணத்தை இணையவழியே தாக்கல் செய்ய வேண்டும். முன்பெல்லாம் ஐயம் எழுந்தால் ராஜாஜி சாலைச் சுங்க இல்லத்தில் அதிகாரியின் மேசைக்கு முன் நின்று மாதிரியைக் காட்டி விளக்கலாம். 2020 ஜூனில் முகமறியா மதிப்பீட்டு முறை தொடங்கியபோது முதலில் அதற்குள் வந்தவை பெங்களூருவும் சென்னையுமே. இப்போது மதிப்பிடும் அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். அவர் கேள்வி திரையில் வரும். பதிலும் எழுத்திலேயே போக வேண்டும். இடையில் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் துறைமுகத்துக்கு ஒரு வாடகை, பெட்டகத்துக்காகக் கப்பல் நிறுவனத்துக்கு ஒரு வாடகை. ஒரு சொல் பிசகினால் எத்தனை ரூபாய் என்று கணக்கிட முடிகிற உரைநடை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பெயரிடுவது எளிய காரியமும் அன்று. 2003இல் அமெரிக்காவின் பன்னாட்டு வணிக நீதிமன்றம் ஒரு விந்தையான வழக்கை முடித்துவைத்தது. எக்ஸ்-மென் சித்திரக்கதை மாந்தரின் உருவங்கள் மனித உருவங்களா, அல்லவா என்பது கேள்வி. மனிதர் எனில் பாவை. வரி 12 விழுக்காடு. அல்லாதவை எனில் விளையாட்டுப் பொருள், வரி 6.8 விழுக்காடு. அவர்கள் மனிதர் அல்லர் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். உயர்திணையா அஃறிணையா என்ற விசாரணை, வேறென்ன? நம் பக்கத்திலும் உண்டு. சிறிய புட்டியில் விற்கும் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா தலைக்கா என்ற வழக்கு சேலம் கலால் ஆணையரகத்தின் பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2018இல் இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளிக்க, 2024 டிசம்பரில்தான் அது உண்ணும் எண்ணெயே என்று முடிவாயிற்று. அது கலால் வழக்கு என்றாலும், அதில் அலசப்பட்டது சுங்கத்துக்கும் அடிப்படையான அதே உலகப் பெயர்ப்பட்டியல்தான். உச்ச நீதிமன்ற நீதிபதிகளே ஒத்துப்போகாத இடத்தில், மண்ணடிப் பக்கத்து மாடியறையில் இருக்கும் ஒருவர் மாலைக்குள் முடிவெடுத்துக் கையெழுத்திட வேண்டியிருக்கிறது.

இப்போது நடப்பிலுள்ள 2018ஆம் ஆண்டு விதிகள் இவரை இருவருக்குப் பணியாளராக்குகின்றன. கூலி கொடுப்பவர் இறக்குமதியாளர். அவர் சட்டத்தை மீறினால் சுங்கத் துறைக்குச் சொல்ல வேண்டியவரும் இவரே. வாடிக்கையாளரின் அடையாளம், பதிவு எண்கள், முகவரியில் அவர் இயங்குகிறாரா என்பது வரை நம்பகமான ஆவணங்களால் சரிபார்க்கும் கடமையும் இவருடையது.

என் மாணவரின் அலுவலகம் வீழ்ந்தது இங்கேதான். தெரிந்தவர் மூலம் வந்த புது இறக்குமதியாளர். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், சரக்கு சேவை வரிப் பதிவு இரண்டையும் அரசின் இணையதளத்திலேயே பார்த்துச் சரி என்று கண்டார்கள். பெட்டகத்தைத் திறந்தால் முன்வரிசையில் சொன்ன சரக்கு, பின்னால் வேறு. முகவரியில் பூட்டிய கதவு. இறக்குமதியாளர் அகப்படவில்லை; அகப்பட்டது உரிமம் வைத்திருந்தவர். அந்த ஆவணத்துக்கு அலுவலகம் பெற்ற கூலி சில ஆயிரம் ரூபாய். விதிப்படி நோட்டீசுக்கு 90 நாள், விசாரணை அறிக்கைக்கு 90 நாள், ஆணைக்கு 90 நாள். குற்றமற்றவர் என்றே இறுதியில் முடிவானாலும், ஒன்பது மாதம் வேலையில்லாமல் தாங்கும் சிறிய அலுவலகம் எது?

எல்லாத் தரகரும் உத்தமர் என்று நான் வாதாடவில்லை. உரிமத்தைப் பிறருக்கு வாடகைக்கு விடுவோரும், குறைத்துக் காட்டிய விலைக்குத் தெரிந்தே துணைபோவோரும் உண்டு. 2016இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், இறக்குமதியாளரும் அரசும் இவர்மீது வைக்கும் நம்பிக்கையைச் சுட்டிக் கண்டிப்புக் காட்டியது சரியே. ஆனால் 2017இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னதையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும்: வணிகத்தின் உண்மைத்தன்மையை எடைபோடும் ஆய்வாளர் அல்லர் இவர். ஏமாற்றியவரும் ஏமாந்தவரும் ஒன்றல்லர். குறியீட்டு எண்ணை இணையவழியே வழங்குவது அரசு. அந்த எண்ணுக்குப் பின்னால் ஆளில்லை என்றால் முதற்கேள்வி வழங்கியவரை நோக்கியல்லவா எழ வேண்டும்? அறிந்தே உடன்பட்டார் என்பதற்கு முதல்நோக்கிலேனும் சான்று கிடைக்கும்வரை உரிமத்தில் கைவைக்கக் கூடாது என்பது என் கருத்து. கவனக்குறைவுக்குத் தண்டம் விதிக்கலாம். அதற்கு விதிகளிலேயே இடமிருக்கிறது. 50,000 ரூபாய் வரை.

பட்டினப்பாலையை நான் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். காவிரிப்பூம்பட்டினத்தில் மூட்டைகள் குவிந்து கிடப்பதையும், உல்கு கொள்வோர் சோர்வின்றிக் காப்பதையும், புலிப்பொறி இடப்படுவதையும் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். அதிகாரி தெரிகிறார், பண்டம் தெரிகிறது. இது இன்ன பொருள் என்று வணிகன் சார்பில் எடுத்துச் சொன்னவன் யாராவது அங்கு நின்றிருந்தானா என்று இத்தனை ஆண்டுகளில் நான் கேட்டதில்லை. மாணவர்களும் கேட்டதில்லை. நம் நவீன எழுத்தாளர்களில் யாரேனும் தம்புச் செட்டித் தெரு மாடியறையிலிருந்து ஒரு நாவல் எழுதினால் முதல் பிரதியை வாங்கக் காத்திருக்கிறேன்.

மாணவர் இப்போது தன் பெயரிலேயே உரிமம் பெறத் தேர்வுக்குப் படிக்கிறார். சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். பொள்ளாச்சிப் பக்கம் ஒருவர் தென்னை நார்க்கழிவை ஏற்றுமதி செய்யப்போகிறாராம். "கழிவு என்றுதான் அங்கே எல்லோரும் சொல்கிறார்கள் ஐயா. வாங்குகிறவரோ செடி வளர்க்கும் மண் என்கிறார். நான் என்ன என்று எழுதுவது?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.